குதிரையும் சவாரியும்

ஷாமிசென் என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் கற்கச் சேர்ந்த புதிதில், மூன்றாம் நாள் வகுப்புக்குக் கிளம்பும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் பால் வாங்கிய ரசீதை நாலாக மடித்து, ஷாமிசெனின் கழுத்து உச்சியில் முதல் தந்திக்கு அடியில் செருகினேன். வாத்தியம் என்னுடையதுகூட இல்லை, சென்செய், அதாவது ஆசிரியர், இரவல் கொடுத்தது. அந்தத் தந்தியைத் தட்டும்போதெல்லாம் நாதம் சுத்தமாக வராமல், ஜன்னல் கண்ணாடியில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஓர் இரைச்சல். பழைய வாத்தியம், எங்கேயோ தந்தி இடிக்கிறது என்று நினைத்தேன். ரசீதைச் செருகியதும் இரைச்சல் நின்றுவிட்டது. எஞ்சினியர் புத்தி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சென்செய் அதை வாங்கித் தொடைமேல் வைத்து ஒரு தட்டு தட்டினார். முகம் மாறியது. கழுத்து உச்சியை உற்றுப் பார்த்தார். இரண்டு விரலால் ரசீதை உருவி எடுத்து, பிரித்து, "பால், முட்டை" என்று சத்தமாகப் படித்தார். பிறகு "அக்கான்" என்றார். ஒசாகாக்காரர்கள் "கூடவே கூடாது" என்பதற்குச் சொல்லும் சொல். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் குழப்பியது: "இது சவாரி."

எனக்குத் தெரிந்த சவாரி குதிரைச் சவாரி, மாட்டுவண்டிச் சவாரி, ஆட்டோக்காரர் கேட்கும் சவாரி. ஜப்பானிய மொழியில் சவாரி என்றால் தொடுதல், உரசல். ஷாமிசெனுக்கு மூன்றே தந்திகள். இரண்டாவதும் மூன்றாவதும் கழுத்து உச்சியில் ஒரு சின்ன உலோகத் துண்டின் மேல் ஏறிப் போகும். தடித்த முதல் தந்தி மட்டும் அதில் ஏறாது, நேரே மரத்தின் மேல் கிடக்கும். அந்த இடத்தில் மரத்தில் ஒரு சின்னப் பள்ளமும், அதை ஒட்டி ஒரு மேடும் செதுக்கியிருப்பார்கள். தந்தி அதிரும்போது அந்த மேட்டை மயிரிழை அளவுக்கு உரசும். நான் ரசீது வைத்து அடைத்தது அதைத்தான். இந்த இரைச்சல் வரவேண்டும் என்றுதான் அத்தனை செதுக்கலும். இப்போதைய வாத்தியங்கள் பலவற்றில் கழுத்தின் பின்புறம் அதற்கென்று ஒரு திருகே உண்டு. திருப்பினால் உரசல் கூடும், குறையும்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், எங்கள் வீட்டில் தம்புரா உண்டு. அம்மா போளூரில் அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஐந்தரை மணிக்குத் தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைமேல், தந்திக்கு அடியில் ஒரு நூலை வைத்து முன்னும் பின்னும் இழுத்து, தந்தி பேச ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துவார். அந்த நூலுக்கு ஜீவாளி என்று பெயர். அது இல்லாவிட்டால் தம்புரா வெறும் டங் டங். அம்மா இரைச்சல் வர நூல் வைத்தார், நான் இரைச்சல் போக ரசீது வைத்தேன். இது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒன்றரை வருடம் ஆனது.

2018 இலையுதிர் காலத்தில்தான் வகுப்பில் சேர்ந்தேன். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்மணி ஒருவர் அழைத்துப் போனார். சென்செய்க்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. வீடு சுமியோஷி கோயிலுக்குப் பக்கத்தில், ஹங்காய் டிராம் வண்டி வாசலை உரசிக்கொண்டு போகும் சந்தில். அதே டிராமில் இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே போனால் சகாய். சீனாவின் மூன்று தந்தி வாத்தியம் ரியூக்யூ தீவுகளுக்கு (இன்றைய ஒகினாவா) போய், அங்கே மலைப்பாம்புத் தோல் போர்த்திய சன்ஷின் ஆகி, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கப்பலேறி வந்திறங்கிய துறைமுகம் அது. அவ்வளவு பெரிய பாம்புத் தோலுக்கு இங்கே வழியில்லை. பூனைத் தோலைப் போட்டார்கள். முதலில் கையில் எடுத்தவர்கள் பிவா என்ற பழைய தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்த பார்வையற்ற கலைஞர்கள். அவர்கள்தான் பிவாவின் பெரிய மீட்டுகட்டையையும், பிவாவில் இருந்த சவாரியையும் இதற்குக் கொண்டுவந்தார்கள். சன்ஷினில் சவாரி கிடையாது.

முதல் நாள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், சேர நினைப்பவர்களுக்கு உதவும். மாதக் கட்டணம் 8,000 யென், மூன்று வகுப்பு. அதைக் கையில் நீட்டக் கூடாது, ஜிபே எல்லாம் பேச்சே இல்லை. மாதத்துக்கு ஒரு கட்டம் போட்ட உறை ஒன்று தருவார்கள். அதில் மடிப்பில்லாத புது நோட்டாக வைத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அவர் முத்திரை குத்தி உறையைத் திருப்பித் தருவார். புது நோட்டுக்கு நான் வங்கி மெஷினில் எடுத்து, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். பொங்கலுக்குக் கொடுக்கப் புதுப் பத்து ரூபாய்க் கட்டு வாங்கி வைக்கும் அப்பாவின் பழக்கம் இதற்கு உதவியது.

உட்காருவதுதான் பெரிய தண்டனை. நமக்குத்தான் தரையில் உட்கார்ந்து பழக்கமாயிற்றே என்று தைரியமாகப் போனேன். சம்மணம் வேறு, இவர்களுடைய முழங்காலிட்ட சேய்சா வேறு. நாற்பது நிமிடம் கழித்து எழுந்தபோது கால் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. காகிதக் கதவின் மேல் சாயாமல் தூணைப் பிடித்துத் தப்பித்தேன். அடுத்த வகுப்பில்தான் கவனித்தேன்: மற்ற மாணவிகள் பாதிப் பேர் கிமோனோவுக்கு அடியில் தெரியாத மாதிரி ஒரு குட்டி ஸ்டூல் வைத்திருக்கிறார்கள். வீம்பு பிடிக்காமல் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்குவதில் நான் செய்த தப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆறு மாதம் இரவல் வாத்தியத்தில் ஓட்டியபின் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ஒசாகாவில் ஷித்தென்னோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் 21, 22 தேதிகளில் சந்தை கூடும். பழைய கிமோனோ, பீங்கான், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டி என்று சகலமும் கிடைக்கும். அங்கே ஒரு ஷாமிசென் 7,000 யென். பேரம்கூடப் பேசவில்லை. கழுத்து மூன்றாகக் கழன்றது, மூன்றும் பொருந்தின, தோல் முழுசாக இருந்தது. வேறென்ன வேண்டும் என்று தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் மாதம். மழைக்காலம், துணி காயவில்லை, சுவரே வியர்த்தது. இரவு வாசித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் அப்படியே மூலையில் சாய்த்து வைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு 'பட்'டென்று ஒரு வெடி. பலூன் உடைந்த சத்தம், ஆனால் கனமாக. விளக்கைப் போட்டால் முன்பக்கத் தோல் ஓரத்திலிருந்து நடுவரை கிழிந்து, உதடு மாதிரி திறந்து கிடந்தது.

வாத்தியக் கடைப் பெரியவர் பையைத் திறக்கும் முன்பே கேட்டார்: "கோமாவைக் கழற்றினீர்களா?"

தந்திக்கும் தோலுக்கும் நடுவில் நிற்கும் சின்னத் துண்டுக்குப் பெயர் கோமா. வாசித்து முடித்ததும் அதைக் கழற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தந்திகளின் இழுவை முழுவதும் இரவெல்லாம் தோலின் ஒரே புள்ளியில் இறங்கும். தோல் ஒட்டியிருப்பது அரிசி மாவுப் பசையில். ஈரக்காற்றில் பசை ஓர் இடத்தில் நெகிழ்ந்தால் மிச்ச இடத்தில் இழுவை ஏறும், பிறகு வெடிதான். கோமாவைக் கழற்ற மறந்தால் ஷாமிசென் கோமாவுக்குப் போய்விடும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு நாளும் மறந்ததில்லை. இன்னொன்றும் அன்று அவர் சொல்லித்தான் தெரியும்: கோமா என்ற சீன எழுத்துக்கு நேர்ப் பொருள் குதிரைக்குட்டி. வீணையிலும் தம்புராவிலும் நாம் குதிரை என்று சொல்லும் அதே துண்டு, அதே வேலை, அதே மிருகம். யாரும் யாரையும் பார்த்து வைத்த பெயராக இருக்காது. முதுகில் பாரம் ஏற்றி நிற்கும் எதைப் பார்த்தாலும் மனிதனுக்குக் குதிரை ஞாபகம் வரும் போல.

தோல் மாற்ற மூன்று வழி சொன்னார். நாய்த் தோல், கங்காரு தோல், செயற்கைத் தோல். பூனைத் தோல் என்பது மேடைக் கலைஞர்களுக்கே அரிதாகிவிட்டதாம். அன்றிரவு அம்மாவிடம் போனில் சொல்லும்போது வாய் தடுமாறியது.

"என்ன தோலுடி அது?"

"ஆட்டுத் தோல் மாதிரிம்மா."

"மாதிரின்னா?"

சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நம்ம மிருதங்கத்துல மட்டும் என்ன பிளாஸ்டிக்கா போட்டிருக்கான்? விடு" என்றார். வாழ்நாள் முழுக்க முட்டைகூடத் தொடாதவர்.

நான் செயற்கைத் தோலே போட்டேன், இரண்டு பக்கமும் சேர்த்து 38,000 யென். 7,000 யென் வாத்தியத்துக்கு. இதில் ஒளிவு மறைவு வேண்டாம்: நாதம் கொஞ்சம் மெலிவுதான், சென்செய் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அடுக்குமாடியில், ஏ.சி.யும் மழைக்காலமும் மாறி மாறி அடிக்கும் அறையில் இருப்பவர்களுக்கு அதுதான் நிம்மதி. பழையது வாங்குவதானால் தோல் போட ஆகும் செலவைக் கேட்டுக்கொண்டு அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கழுத்தை உச்சியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பாருங்கள், வளைந்திருந்தால் வேண்டாம். நான் இரண்டையும் செய்யவில்லை.

பெரியவர் என் வாத்தியத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இது 'காரின்' என்கிற மரம், சாதாரணம்தான், பரவாயில்லை" என்றார். உயர்ந்த ரகம் எது என்று கேட்டதற்கு உள்ளே போய் ஒரு கழுத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். இரும்புக் கம்பி மாதிரி கனம். கறுப்பில் தோய்ந்த சிவப்பு. கண்ணாடி வழவழப்பு. "கோக்கி. உங்கள் ஊர் மரம். இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லை. இப்போது வருவதில்லை, இருப்பதை வைத்து ஓட்டுகிறோம்" என்றார்.

கோக்கி என்பது செம்மரம். ஆந்திராவின் சேஷாசலம் காட்டுச் செம்மரம். எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் பக்கத்தில் செம்மரம் என்றால் வாத்தியம் ஞாபகம் வராது. அதை வெட்டக் கூலிக்குக் கூப்பிட்டார்கள் என்று ஜவ்வாது மலையிலிருந்து பஸ் ஏறிப் போனவர்கள் ஞாபகம் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் டி.வி.யை நிறுத்தவில்லை. பெரியவர் கையிலிருந்த கழுத்து அதற்கெல்லாம் பல வருடம் முன்பே முறையாக வந்த மரமாக இருக்கலாம், அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. அதைத் துணியில் சுற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கியிருந்தால் சென்னை விமான நிலையத்தில் செம்மரத்தோடு ஊருக்குள் வந்த முதல் ஆளாக நான் இருந்திருப்பேன் என்று பிற்பாடு நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்று வேடிக்கையாக இல்லை.

மீட்டுகட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சி என்பார்கள், சின்ன விசிறி மாதிரி விரிந்திருக்கும். பழைய பச்சிகள் பல யானைத் தந்தத்தில் செய்தவை. யாராவது அன்பாகத் தந்தப் பச்சியைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதை நாடு விட்டு நாடு கொண்டுபோவது சட்டச் சிக்கல். பழக மரப் பச்சியே போதும்.

தந்திக் கதை இதைவிடச் சந்தோஷமானது. ஷாமிசென் தந்தி பட்டு நூலை முறுக்கி, மோச்சி என்ற ஒட்டும் அரிசியின் பசையில் தோய்த்துச் செய்வது. நல்ல மஞ்சள் நிறம். எதில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று கேட்டால், "உகோன்" என்றார் சென்செய். உகோன் என்றால் மஞ்சள்தான், நம் மஞ்சள்கிழங்கேதான். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "அதான் பூச்சி அரிக்காது" என்று முடிவே கட்டிவிட்டார். இந்தப் பட்டுத் தந்திகளுக்குப் பேர்போனது பிவா ஏரியின் வடகரை, நாகஹாமா பக்கத்து ஊர்கள். 2021 நவம்பரில் அந்தப் பக்கம் போய்வந்தேன். நாகஹாமா துறையிலிருந்து படகில் அரை மணி நேரம் போனால் சிக்குபு தீவு. மூச்சு வாங்கும் கல்படிகள் ஏறினால் மேலே இருப்பது பென்சாய்தென், அதாவது நம் சரஸ்வதி. சீனா வழியாக வந்ததில் கையில் வீணைக்குப் பதில் பிவா. ஏரி அந்த வாத்தியத்தின் வடிவம், அதனால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். வாத்தியத்தின் பெயர் கொண்ட ஏரி, நடுவில் வாத்தியக்காரி, கரையில் தந்தி முறுக்குகிறவர்கள். மஞ்சள் வேறு. ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

ஆனால் பட்டுத் தந்தி செல்லப்பிள்ளை. மெல்லிய மூன்றாவது தந்தி அடிக்கடி அறும். பழகுவதற்கு மூன்றாவதை மட்டும் நைலான் போட்டுக்கொள்ளலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அறாமல் இருக்கும்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். என் முதல் வருடம் முழுக்க, வாசிக்கும்போது சுருதி இறங்கினால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, சேர்த்துவிட்டுத் தொடங்குவேன். ஒருநாள் சென்செய், "நீ மன்னிப்புக் கேட்கும் நேரத்தில் பாட்டு முடிந்துவிடும்" என்றார். இடது கை ஒரு நொடி கிடைத்தாலும் முறுக்காணியைத் தொட்டுத் திருப்பிவிட்டு வந்துவிட வேண்டும், வலது கை நிற்கவே கூடாது. நான் கற்கும் ஜியுத்தா என்கிற பாட்டு வகையில் நடுவிலேயே சுருதி அமைப்பையே மாற்றும் இடங்களும் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு தந்தி மட்டும் ஏறிப்போய் இன்னொரு ஸ்வரத்தில் உட்காரும்.

மூன்று அமைப்புகள்தான் முக்கியம். ஹொன்சோஷி என்பது மூன்று தந்திகளும் வரிசையாக, நம் கணக்கில் ச-ம-ச. நியாகாரி என்பது ச-ப-ச. சன்சகாரி என்பது ச-ம-நி, கைசிகி நிஷாதம். சுருதியைப் பாடுகிறவர் குரலுக்கு ஏற்ப வைப்பார்கள், அதை ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்வார்கள். அவர்களுடைய நான்கு நம்முடைய ஒரு கட்டை. பாட்டு நிறைய வருவது ச-ரி-ம-ப-த-ச என்ற வரிசையில், சுத்த ரிஷபம், சுத்த தைவதம். கேட்டதும் சாவேரி ஆரோகணம் மாதிரியே இருக்கும், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை எதிர்பார்த்துக் காது ஏமாறும். நான் முதலில் பழக்கதோஷத்தில் விரலை அசைத்துவிடுவேன். "அலை வேண்டாம், புள்ளி போதும்" என்பார்.

பாடம் வாயால்தான். சின், டோன், ஷான், டென் என்று வாத்தியத்தை வாயாலேயே வாசித்துக் காட்டுவார். திறந்த தந்திக்கு ஒரு சொல், விரல் வைத்த தந்திக்கு ஒரு சொல். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது லட்டு. எண் போட்ட தாள் இருந்தது, ஆனால் தாளைப் பார்த்து வாசித்த நாளெல்லாம் திட்டு வாங்கினேன். வாயால் சொல்லிக்கொண்டே டிராமில் போன நாளெல்லாம் தப்பித்தேன்.

இசைக்கருவிகளைப் பற்றிப் பேசும்போது ஜென், தியானம், மூங்கில் காடு என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது லேசாக எரிச்சல் வரும். மூங்கில் குழல் ஷாக்குஹாச்சிக்கு வேண்டுமானால் அது பொருந்தும். எடோ காலத்தில் (1603-1868) அது ஃபுகே பிரிவுத் துறவிகளுக்கு மட்டுமே உரியது, தலையை மறைக்கும் கூடைத் தொப்பி போட்டுக்கொண்டு ஊதிப் பிச்சை எடுத்தார்கள். 13 தந்திக் கோத்தோ நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு, பெண் பார்க்க வந்தால் பாடிக் காட்டச் சொல்வோமே, அந்த மாதிரி. ககாக்கு என்கிற அரசவை இசையின் வாத்தியங்கள் அரண்மனைக்கு. ஷாமிசென்? நாடகக் கொட்டகை, கெய்ஷா வீடுகள், கேளிக்கைத் தெருக்கள், வீடு வீடாக நடந்து பாடிய பார்வையற்றவர்கள். வடக்கே நீகாத்தாவில் அப்படி நடந்த பார்வையற்ற பெண்களை கொஸே என்பார்கள். அவர்களில் கடைசி என்று சொல்லப்படும் கொபயாஷி ஹாரு 1900இல் பிறந்து 2005 வரை இருந்தார். வாத்தியத்துக்கும் மேல் கீழ் உண்டு என்பது நமக்குப் புது விஷயமா என்ன? 1871இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவையும் பார்வையற்ற கலைஞர்களின் சங்கத்தையும் ஒரே வருடத்தில் ஒழித்தது. ஜியுத்தா அந்தச் சங்கத்தாரின் சொத்து. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அதைத் தொழிலாகச் செய்யலாம், கற்றுக்கொடுக்கலாம் என்று ஆனதால்தான் சென்செய்யின் பாட்டியும், அவர் வழியாக சென்செய்யும், இப்போது நானும்.

நிப்பொன்பாஷியில் இருக்கும் தேசிய புன்ராக்கு அரங்குக்கு ஒருமுறையாவது போங்கள். பொம்மலாட்டம்தான், ஆனால் நான் மேடையைப் பார்க்கவே இல்லை. வலது பக்கத்து மேடையில் கதை சொல்பவர் புத்தகத்தை நெற்றிக்கு உயர்த்தி வணங்குவார், பக்கத்தில் தடித்த கழுத்துள்ள பெரிய ஷாமிசெனோடு ஒருவர். ஒரு மரணக் காட்சியில் அவர் முதல் தந்தியை ஒரே ஒரு தரம் அடித்தார். பச்சி தோலில் விழுந்த அறையும், பின்னால் எழுந்த சவாரியும். என் முன்வரிசைப் பாட்டி கைக்குட்டையை எடுத்தார். சுத்தமான ஸ்வரத்தால் அது முடிந்திருக்காது.

2020 வசந்தத்தில் வகுப்பு நின்றது. வயதானவர், மூடிய அறை, வேறு வழியில்லை. அவருடைய பேத்தி டேப்லெட்டை நிறுத்தி வைக்க, ஜூமில் பாடம். முதல் வாரமே சென்செய், "ஒன்றும் கேட்கவில்லை, மரக்கட்டையைத் தட்டுகிறாயா?" என்றார். எனக்கும் அவர் பக்கத்திலிருந்து டொக், டொக், நடுவில் மயான அமைதி. இரண்டு வாரம் மைக்கை மாற்றினேன், அறையை மாற்றினேன். ஒருநாள் அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் வீட்டு மின்விசிறிச் சத்தம் தானாக அமுங்குவதைக் கேட்டபோதுதான் பொறி தட்டியது. மென்பொருள் சவாரியை மின்விசிறி என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது. நான் ரசீது வைத்து அடைத்த மாதிரியே. அமைப்புகளில் "ஒரிஜினல் சவுண்ட்" என்று ஒன்று இருக்கும், இரண்டு பக்கமும் அதைப் போட்டால்தான் எந்தத் தந்தி வாத்தியமும் உயிரோடு போய்ச் சேரும். தம்புரா போட்டுப் பாட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

அம்மாவும் அதுவரை வீடியோ காலில் அந்த டொக் டொக்கைத்தான் கேட்டிருந்தார். "ஏதோ மரங்கொத்தி மாதிரி இருக்கு, நீ சந்தோஷமா இருந்தா சரி" என்பார். இந்த விவகாரம் புரிந்த அன்றிரவு, அழைக்காமல் போனில் தனியாகப் பதிவு செய்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். ச-ப-ச சேர்த்து மூன்று தந்தியையும் ஒவ்வொன்றாக, வேறெதுவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏண்டி, இதுல ஜீவா பேசுதே! முன்னாடியே ஏன் அனுப்பல? நூல் எங்க வெச்சிருக்காங்க?"

நூல் இல்லைம்மா, மரத்தை அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்றேன். அப்போதுதான் எனக்கு ரசீது ஞாபகம் வந்தது. அதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கைவேலைகளில் இன்னும் இரண்டு. இடது கை கழுத்தில் வழுக்கிப் போக, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாட்டும் பின்னல் துண்டு ஒன்று உண்டு. வலது தொடையில் வாத்தியம் நழுவாமல் இருக்க ஒரு ரப்பர் துண்டு. இரண்டும் சேர்ந்து மதியச் சாப்பாட்டு விலைதான், முதல் நாளே வாங்குங்கள். அக்கம்பக்கத்துக்குப் பயந்தால் ஷினோபி-கோமா இருக்கிறது, பதுங்கும் குதிரை. நிஞ்ஜாக்களுக்குச் சொல்லும் ஷினோபிதான். தந்திக்கு அடியில் குறுக்கே வைத்தால் தோலுக்கு அதிர்வு போகாது, சத்தம் கிசுகிசுப்பாகிவிடும். ராத்திரி வாசிக்க நல்லது. அதிலேயே பழகினால் பச்சி பிடிக்கும் கை கெட்டுப்போகும், அதனால் வாரம் ஒரு நாளாவது ஆற்றங்கரைக்குப் போய் முழுச் சத்தத்தில் வாசிப்பேன். ஆண்டு அரங்கேற்றம் மாதிரி ஒன்று நடக்கும், அதற்கு மாணவர்கள்தான் பணம் கட்ட வேண்டும், கிமோனோ வாடகை தனி. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்பது அநாகரிகம் இல்லை. 2022இல் நான் கேட்காமல் விட்டு, அந்த மாதம் முழுக்க நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

2023 ஏப்ரலில் அம்மா ஒசாகா வந்தார். சென்செய் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா கொண்டுவந்த குங்குமச் சிமிழையும் சென்செய் வைத்திருந்த இனிப்புப் பெட்டியையும் மாற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. சென்செய் தன்னுடைய நல்ல வாத்தியத்தை எடுத்தார். மழை வரும் போலிருந்த நாள், முதல் தந்தி சரியாகப் பேசவில்லை. கழுத்தின் பின்னால் இருக்கும் திருகைப் பிடித்துக்கொண்டு, தந்தியைத் தட்டித் தட்டி மெல்லத் திருப்ப ஆரம்பித்தார். டொங். டொங். டொய்ங். அம்மா கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார். இன்னொரு திருப்பு. அம்மாவின் ஆள்காட்டி விரல் தானாக எழும்பியது. "அங்கதான்."

அதே நேரத்தில் சென்செய்யின் கை நின்றது. "சோக்கோ" என்றார். அங்கே என்று அர்த்தம். அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். மொழிபெயர்க்க வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன்.

பிறகு டீ வந்தது. அம்மா தரையில் உட்காரத் தயங்கி முழங்காலைத் தடவினார், சென்செய் தன் கிமோனோவை விலக்கி ஒளித்து வைத்திருந்த குட்டி ஸ்டூலைக் காட்டினார். அடுத்த ஒரு மணி நேரம் மூட்டு வலிக்கு யார் யார் என்ன தைலம் தடவுகிறார்கள் என்பதை நான் இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.